பூட்டியாச்சா, தாத்தா?

வீடு மாறி மூன்றாவது நாள் ராத்திரி, பதினோரு மணி இருக்கும். ஏதோ சத்தம் கேட்டு விழித்தேன். பக்கத்தில் படுத்திருந்த மகனைக் காணோம். கூடத்துக்கு வந்து பார்த்தால், இருட்டில் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஜன்னலுக்குப் போனான். அப்புறம் சமையலறைக்கு. என்னைப் பார்த்ததும் கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல அப்படியே நின்றான். அப்போது அவனுக்கு ஐந்தரை வயது.

"என்னடா பண்ற?"

"பூட்டியிருக்கான்னு பாக்கறேன்."

பயம் என்று நினைத்தேன். புது வீடு, புது ஆட்கள், புது சத்தங்கள். மறுநாளே கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டேன். அறையில் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டேன். "அம்மா இருக்கேன்ல, யாரும் வர மாட்டாங்க" என்று தினமும் சொன்னேன். யாராவது வருவார்கள் என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை, நானாகத்தான் அப்படி முடிவுகட்டியிருந்தேன். அதெல்லாம் செய்தும் அவன் ராத்திரி எழுந்து போவது நிற்கவில்லை. போதாக்குறைக்கு, மூன்று வயதிலேயே நின்றுபோயிருந்த பழக்கம், படுக்கையை நனைப்பது, திரும்ப வந்துவிட்டது.

எனக்கும் என் கணவருக்கும் ஏன் ஒத்துவரவில்லை என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பிரிந்தோம், அவ்வளவுதான். அதுவரை என் மாமனார் வீட்டில்தான் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். மாமியார் என் மகன் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். மாமா அதிகம் பேசமாட்டார். பேரனைத் தூக்கிக் கொஞ்சியோ கதை சொல்லியோ நான் பார்த்ததில்லை. அதனால் அந்த வீட்டை விட்டு வந்தபோது, குழந்தை அப்பாவுக்காக ஏங்குவான் என்று கவலைப்பட்டேனே தவிர, தாத்தாவைப் பற்றி யோசிக்கவே இல்லை.

யோசிக்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. மாமா முதல் மாதத்தில் இரண்டு தடவை போன் செய்தார். "தூங்கிட்டான் மாமா" என்றேன். ஒரு தடவை அது உண்மை. இரண்டாவது தடவை அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். "சரிம்மா" என்று வைத்துவிட்டார். கோபம் அவர் மகன் மேல், தண்டனை அவருக்கு. ஆனால் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் வேறு: அந்த வீட்டை ஞாபகப்படுத்தாமல் இருந்தால் குழந்தை சீக்கிரம் மறந்துவிடுவான், புண் ஆறும். தெரிந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

படுக்கை நனைவது நிற்காததால் குழந்தைகள் மருத்துவரிடம் போனேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பித்தால், மனசுதான் காரணம் என்று நாமே தீர்மானித்துவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், அபூர்வமாகச் சர்க்கரை நோய்கூடக் காரணமாக இருக்கலாம். அவர் அதையெல்லாம் பரிசோதித்து, ஒன்றும் இல்லை என்றார். வீட்டு நிலவரத்தைக் கேட்டுக்கொண்டார். அப்புறம் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "பழைய வீட்டுல இருந்தப்ப, தூங்கறதுக்கு முன்னாடி கடைசியா என்ன செய்வான்?"

சாப்பிடுவான், பல் தேய்ப்பான் என்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, நடுவில் சாவிக்கொத்துச் சத்தம் காதில் கேட்டது.

தினமும் எட்டரை மணிக்கு மாமா சாவிக்கொத்தை எடுப்பார். இவன் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போவான். முதலில் பின்கதவு. அப்புறம் மாடிக்கதவு. அப்புறம் சமையலறை ஜன்னல். கடைசியில் வாசல். ஒவ்வொன்றையும் பூட்டிவிட்டு மாமா "ஆச்சா?" என்பார். இவன் ஒரு தடவை இழுத்துப் பார்த்து "ஆச்சு" என்பான். மூன்று வயதில் ஆரம்பித்தது, ஒருநாள் விட்டதில்லை. எனக்கு அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. பாத்திரம் கழுவக் கால்மணி நேரம் கிடைக்கிறதே என்றுதான் இருந்தேன்.

ஆக, புது வீட்டில் அவன் கதவை இழுத்துப் பார்த்ததற்குத் திருடன் பயம் காரணமில்லை. தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆச்சா?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

அதற்கப்புறம் இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். குழந்தைகளின் பிணைப்பைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். அவருக்கு நான்கு வயது ஆகும் சமயத்தில், அவரை வளர்த்த தாதி வேலையை விட்டுப் போய்விட்டாராம். தாயை இழந்ததற்குச் சமமான இழப்பு அது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் கணக்கில் ஒரு வேலையாள் மாறினார், அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் கணக்கில் நடந்தது கணவன் மனைவி பிரிவு மட்டும்தான். அந்தக் கணக்கில் மாமா வரவே இல்லை.

ஆரம்பத்தில் இந்த ஆராய்ச்சியெல்லாம் தாயைச் சுற்றியே இருந்தது. 1964ல் ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் என்ற இருவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து அந்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்பா, அண்ணன் அக்கா, தாத்தா பாட்டி என்று பலர். அதைவிட எனக்குச் சுருக்கென்று தைத்தது இன்னொன்று: யார் அதிக நேரம் கூட இருக்கிறார்கள் என்பதைவிட, யார் குழந்தையின் அழைப்புக்குச் சரியாகப் பதில் கொடுக்கிறார்கள் என்பதே பிணைப்பைத் தீர்மானித்தது. நாள் முழுக்க நான் கூடவே இருந்தேன். மாமா கால்மணி நேரம்தான் இருந்தார், ஆனால் அந்தக் கால்மணி நேரமும் அவனுக்கே அவனுக்கு.

அன்று ராத்திரியே போன் செய்தேன். சுலபமாக இல்லை. "மாமா, தினமும் எட்டரைக்கு அவன்கிட்ட பேசறீங்களா?" என்று மட்டும் கேட்டேன். "சரிம்மா" என்றார். ஏன் இத்தனை நாள் இல்லை என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை.

முதல் வீடியோ அழைப்பு படுதோல்வி. "சாப்பிட்டியா?" "ம்." "ஸ்கூல் போனியா?" "ம்." இரண்டு நிமிஷத்தில் இவன் போனைச் சோபாவில் கவிழ்த்துவிட்டு ஓடிவிட்டான். அந்தப் பக்கம் மாமா இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தைக்குத் தாத்தா மேல் ஆசையே போய்விட்டது என்று அந்த இடத்தில் முடிவுகட்டுபவர்கள் நிறைய. நானும் அந்த ரகம்தான். ஆனால் மறுநாள் மாமா போனில் முகத்தைக் காட்டாமல் சாவிக்கொத்தைக் காட்டினார். "நான் இங்க பூட்டப்போறேன். நீ அங்க பூட்டறியா?"

டார்ச்சைத் தேடிக்கொண்டு ஓடினான். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் போன், இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் ரோந்து. எங்கள் வீட்டில் மாடிக்கதவு கிடையாது. அதனால் அந்த முறை வரும்போது குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு "ஆச்சு" என்றான். அன்று ராத்திரி எழுந்திருக்கவில்லை. படுக்கை நனைவது ஒரே நாளில் நின்றுவிடவில்லை, மூன்று மாதம் ஆயிற்று. நடுவில் நிறைய துணி துவைத்தேன். திட்டாமல் இருந்தேன், பெரும்பாலான நாட்களில்.

சின்னப் பிள்ளைகளிடம் போனில் பேச்சு நடத்த முடியாது என்பதை மாமா எப்படியோ கண்டுகொண்டார். சேர்ந்து எதையாவது செய்தால்தான் நிற்பார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஒரே படத்தை இரண்டு பேரும் வரைவது, துணி மடிப்பது, எதுவாகவும் இருக்கலாம். குழந்தைகளுக்குத் திரையே கூடாது என்று யோசிப்பவர்களுக்கு ஒரு சேதி: அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016ல் ஒன்றரை வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று சொன்னபோதுகூட, வீடியோவில் சொந்தங்களோடு பேசுவதற்கு மட்டும் விலக்கு அளித்தது.

இனி என் அம்மாவைப் பற்றி. எங்களோடு வந்து தங்கிய அம்மா இல்லாவிட்டால் அந்த வருஷத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன். வீட்டு வேலை முழுவதும் அவர் தலையில்தான். ராத்திரி நனைந்த படுக்கையை மாற்றிப்போட்டது பாதி நாள் அவர்தான். அதே அம்மா, என் மேல் உள்ள பாசத்தில், போனில் உறவினர்களிடம் என் கணவரைக் கரித்துக்கொட்டுவார். குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறான், அவனுக்கென்ன புரியும் என்று நினைப்பு. ஒருநாள், "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், இவன் பொம்மைக் காரை உருட்டியபடியே கேட்டான்: "பாட்டி, நானும் அந்தக் குடும்பமா?"

அம்மா போனை வைத்துவிட்டார். அன்று முழுக்கச் சரியாகப் பேசவில்லை. நான் அவரைக் குறை சொல்லத் தேவையே இருக்கவில்லை. அதற்கப்புறம் அழவோ திட்டவோ வேண்டுமென்றால், அவன் பள்ளிக்கூடம் போன பிறகு என்று நாங்கள் இரண்டு பேரும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நன்றாகவே திட்டினோம், அதில் குறை வைக்கவில்லை.

மாமாவிடமும் தவறு நடந்தது. மாதம் இரண்டு சனிக்கிழமை குழந்தையை அவரிடம் விட ஆரம்பித்திருந்தேன். ஒரு சனிக்கிழமை திரும்பி வந்தவன், பள்ளிப் பையில் இருந்த புத்தகங்களை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுத் துணிகளை அடுக்கினான். "எங்கடா?" "நம்ம வீட்டுக்கு. தாத்தா சொன்னாரு, சீக்கிரமே எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்னு."

எனக்கு வந்த கோபத்தில் சனிக்கிழமைகளை அப்படியே நிறுத்தியிருப்பேன். ஒரு ராத்திரி ஆறப்போட்டேன். மறுநாள் மாமாவிடம், "நீங்க ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பீங்க மாமா. ஆனா அவன் பையைக் கட்டி வச்சிருக்கான்" என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அன்று எட்டரைக்குப் பூட்டும் வேலை தொடங்குவதற்கு முன் அவரே சொன்னார்: "தாத்தா அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்டா. அது என் ஆசை. நடக்கப்போறது இல்ல. நீ அங்க இருப்ப, நான் இங்க இருப்பேன். எட்டரைக்குப் பேசுவோம்." இவன் அழுதான். அழுதுகொண்டே கதவைப் பூட்டினான். நான் திருத்திச் சொல்லியிருந்தால், அம்மா பொல்லாதவள், தாத்தா நல்லவர் என்று நின்றிருக்கும். சொன்னவரே திருத்தியதால் அப்படி ஆகவில்லை.

அதன்பிறகுதான் மாமாவும் நானும் உட்கார்ந்து சில விஷயங்களைப் பேசி வைத்துக்கொண்டோம். "அம்மா வீட்டுக்கு யார் வந்தாங்க" என்று அவர் குழந்தையிடம் கேட்பதில்லை, "அப்பா வந்தாரா, என்ன சொன்னாரு" என்று நான் கேட்பதில்லை. இது எனக்குத்தான் பெரும்பாடாக இருந்தது. குழந்தையைக் கூட்டி வரும் வழியில் நாக்கு நுனி வரை வந்துவிடும். எங்களுக்குள் சேதி ஏதும் இருந்தால் அதை அவன் வாயில் கொடுத்து அனுப்புவதில்லை. ஒரு சனிக்கிழமை முடியாவிட்டால், முன்கூட்டியே அவனிடம் சொல்லி, அடுத்தது எப்போது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவது. குடும்பம் கலைந்த பிள்ளைக்கு ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற பேச்சு ஒத்துக்கொள்வதில்லை. நாட்காட்டியில் வட்டம் போட்ட தேதி வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னைப் புரட்டிப்போட்டது வீடு மாறி நாலைந்து மாதம் கழித்து நடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிவரப் போயிருந்தேன். மாமா வாசலிலேயே என்னை நிறுத்தினார். "ஒரு விஷயம். ரகசியம்னு சொல்லித்தான் சொன்னான். இதை அம்மாகிட்ட சொல்லணும், நீ சொல்றியா நான் சொல்லவான்னு கேட்டேன். நீ சொல்லுன்னான்."

நாங்கள் அந்த வீட்டை விட்டு வருவதற்கு இரண்டு நாள் முன்பு, பின்கதவின் சாவியை விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்த் தொலைத்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. பின்கதவு பூட்டாமல் போனதால்தான் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டார்கள், அதனால்தான் வீட்டை விட்டு வர வேண்டியதாயிற்று என்று ஐந்து மாதமாக மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்த வயதில் பிள்ளைகள் உலகத்தைத் தங்களை நடுவில் வைத்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். இரண்டிலிருந்து ஏழு வயது வரையான இந்தப் போக்கை ஜீன் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார். பொதுவாகத் தெரிந்த விஷயம்தான். என் பிள்ளை அதைச் சாவி வடிவில் சுமந்துகொண்டிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றவில்லை. "உன்னால இல்லடா கண்ணா" என்று நானும் பொதுவாகச் சொல்லித்தான் இருந்தேன். அவனுக்கு வேண்டியிருந்தது, சாவியால் இல்லை என்ற பதில்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தேன், அதனால்தான். பெற்றவர்கள் உடைந்து நிற்கும் நேரத்தில் பிள்ளைகள் நம்மைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். தங்கள் பாரத்தை இறக்கி வைக்க, சண்டையில் இல்லாத ஒரு பெரியவர் தேவைப்படுகிறார். மாமா அந்த இடத்தில் இருந்தார். கேட்டதை மூடி வைக்கவும் இல்லை, அவனுக்குத் தெரியாமல் என்னிடம் போட்டுக்கொடுக்கவும் இல்லை. தாத்தா பாட்டிகள் கவனிக்க வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன். பேரனின் சின்ன ரகசியங்கள் அவர்களிடமே இருக்கட்டும். அவனை அரித்துத் தின்னும் ரகசியத்தை மட்டும், அவனிடம் சொல்லிவிட்டு, பெற்றவர்களிடம் கொண்டுவர வேண்டும்.

அவன் அப்பாவும் நானும் தனித்தனியாக அவனிடம் பேசினோம். இந்த விஷயத்தில் அவர் முழுசாக ஒத்துழைத்தார் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. சாவிக்கும் சண்டைக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு தடவை சொன்னால் போதவில்லை. குளிக்கும்போது, நடக்கும்போது, திடீரென்று "நிஜமாவே சாவி இல்லையே?" என்பான். ஏழெட்டுத் தடவையாவது பதில் சொல்லியிருப்பேன். அடுத்த சனிக்கிழமை மாமா அவனைக் கூட்டிப்போய்ப் பின்கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினார். அதன் ஒரு சாவி இவனிடம் இருக்கிறது. இன்னும் தொலைக்கவில்லை.

இதற்கிடையில் ஒருவர் என்னிடம், "பிரிஞ்சாச்சுல்ல, இனி தாத்தாவுக்கு என்ன உரிமை?" என்று கேட்டார். சட்டம் இதில் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரான்ஸின் குடிமையியல் சட்டம், தாத்தா பாட்டியோடு உறவாடும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000ல் ஒரு வழக்கில், பேரப்பிள்ளைகளைப் பார்க்க தாத்தா பாட்டி கேட்ட அனுமதியைவிடத் தாயின் முடிவுக்கே அதிக மதிப்புக் கொடுத்தது. எனக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் விதம் பிடித்திருக்கிறது, உரிமையைக் கிழவர் கையில் கொடுக்காமல் குழந்தை கையில் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பேச்சு நீதிமன்றம் வரை போய்விட்டால், எட்டரை மணி ரோந்தெல்லாம் அங்கே எடுபடாது. முடிந்தவரை வீட்டு வாசலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. அடிக்கிறவர், குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவர், குழந்தையை மிரட்டுகிறவர் என்றால் கதை வேறு. அங்கே தாத்தா என்ற சொல்லுக்காக எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

2009ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 11 முதல் 16 வயது வரையுள்ள 1,500க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று வெளிவந்தது. தாத்தா பாட்டியின் ஈடுபாடு அதிகமாக இருந்த பிள்ளைகளுக்கு மனச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. பெற்றோரில் ஒருவரோடு வளரும் பிள்ளைகளிடமும், மறுமணக் குடும்பங்களில் வளரும் பிள்ளைகளிடமும் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது. இதனால்தான் அது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது, நன்றாக இருக்கும் வீட்டில் தாத்தாவும் நன்றாக இருப்பார். இருந்தாலும், அன்று சோபாவில் பக்கத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு "தூங்கிட்டான் மாமா" என்று சொன்ன என்னிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

இப்போது அவனுக்கு ஒன்பது வயது. அப்பா மறுமணம் செய்துகொண்டார். அந்த மாற்றமும் வந்து போனது, முதல் மாற்றத்தில் பாதி அளவுகூட அவனை ஆட்டவில்லை. எட்டரை மணி அழைப்பு தினமும் நடப்பதில்லை. நண்பர்கள், விளையாட்டு, வீட்டுப்பாடம். விட்டுப்போகும் நாட்களில் மாமாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். பேரன் வளர்ந்துவிட்டான் என்பது அவருக்குத் தெரியும், ஆனாலும் எட்டரைக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

போன வாரம் ஒன்பது மணிக்கு மேல் என் போனுக்கு அழைத்தார். "அவனைக் கூப்பிடாதம்மா, விளையாடட்டும். சும்மாதான்... பின்கதவைப் பூட்டினேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. எழுந்து போய்ப் பார்த்தேன். வந்து உட்கார்ந்ததும் மறுபடி அதே சந்தேகம்."

நான் பதில் சொல்வதற்குள், அடுக்கிக்கொண்டிருந்த கட்டைகளை அப்படியே விட்டுவிட்டு வந்து போனை வாங்கினான். "தாத்தா, எந்திரி. பின்கதவுதான் ஃபர்ஸ்ட். நான் லைன்ல இருக்கேன், நடந்து போ."

செருப்புச் சத்தம் கேட்டது. சாவிக்கொத்து குலுங்கியது.

"இழுத்துப் பாத்தியா? ஆச்சா?"

"ஆச்சு" என்றார் மாமா.

"அடுத்து மாடி."